தெருவில் முளைத்த மக்காச்சோளம்

விவசாயக் குடும்பத்தில் பிறந்துவிட்டாலே விவசாயம் தெரியும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். பிளஸ் டூ முடித்த வருஷம் அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தலைவி.

வேளாண் பொறியியல் படிக்கப்போகிறேன் என்றதும் அப்பா, "கொல்லையில நாங்க கஷ்டப்படறது போதாதா? கம்ப்யூட்டரு படி" என்றார். கலந்தாய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பேசி ஜெயிக்க முடியாது, செய்து காட்டலாம் என்று நைனார்பாளையத்து மாமாவிடம் கையால் தள்ளும் விதைப்புக் கருவியை இரவல் வாங்கி வந்தேன். உருளைக்குள் விதையைக் கொட்டித் தள்ளினால், அதுவே மண்ணைக் குத்தி விதையைப் போட்டுக்கொண்டே போகும்.

ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் வயலை நாங்கள் கொல்லை என்றுதான் சொல்வோம்; அதில் அப்பா ஒரு துண்டு நிலம் ஒதுக்கினார். "மொளைச்சா உன் இஷ்டம். மொளைக்கலன்னா என் இஷ்டம்."

காலையில் வாசலிலேயே மக்காச்சோளத்தைக் கொட்டி மூடிவிட்டுத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். நேர்வழியில் போனால் யார் பார்ப்பார்கள்? பால் சொசைட்டி, டீக்கடை என்று எங்கள் ஊரான வடக்கனந்தலின் தெருக்களையெல்லாம் சுற்றினேன். முந்தின நாள் மழையில் மண் பதமாக இருந்தது. (பின்னாலேயே கோழிகள் வந்தன. புது மெஷினைப் பார்க்க அதுகளுக்கும் ஆசை போல என்று நினைத்துக்கொண்டேன்.) கடைசியில் பக்கத்துக் கொல்லை ராமு பெரியப்பாவின் கத்தரிப் பாத்திக்குள் குறுக்கே புகுந்து எங்கள் நிலத்துக்கு வந்து, கம்பீரமாக விதைத்து முடித்தேன்.

"இன்னா, அதுக்குள்ள முடிச்சிட்ட?" என்ற அப்பாவின் குரலில் லேசாக ஒரு மரியாதை இருந்தது.

ஒரு வாரமாகியும் நிலம் மொட்டையாகவே கிடந்தது. தினமும் போய்க் குந்திக்கொண்டு மண்ணையே முறைத்தேன். அப்போதுதான் ராமு பெரியப்பா வீட்டுக்கு வந்தார்.

"ஏம்பா, என் கத்திரிக்கா நடுவுல சோளம் மொளைச்சிக்கினு இருக்குது. நூல் புடிச்ச மாதிரி வருது. உங்க வூட்டுப் பொண்ணு எதனா பண்ணிச்சா?"

அப்பாவும் நானும் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். கத்தரிப் பாத்தி, வண்டிப்பாதை, டீக்கடை ஓரம், பால் சொசைட்டி. கோழிகள் விட்டுவைத்த இடமெல்லாம், இத்தனை நாள் புல் என்றே நான் தாண்டிப்போன வரிசை பச்சைப்பசேல் என்று வந்து, எங்கள் வாசலில் முடிந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "கொல்லை போறவரைக்கும் தூக்கிக்கினு போ" என்று மாமா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நிலத்தில் நான் தள்ளியது வெறும் உருளை.

"கம்ப்யூட்டரே படிக்கிறேன்பா" என்றேன்.

அப்பா குனிந்து, செடிக்கும் செடிக்கும் நடுவே சாண் போட்டுப் பார்த்தார். "எடைவெளி சரியாத்தான் இருக்குது." நிமிர்ந்து அம்மாவிடம் சொன்னார்: "இந்தப் பொண்ணப் படிக்க வெக்காம வுட்டா ஊருக்கே ஆபத்து. அதையே படிக்கட்டும்."

படித்தேன். இப்போது விதைப்புக் கருவி செய்யும் கம்பெனியில்தான் வேலை. லீவுக்கு வந்தால், பஸ்ஸை விட்டு இறங்கி, சக்கரம் வைத்த சூட்கேஸை இழுத்துக்கொண்டு தெருவில் நடப்பேன். ராமு பெரியப்பா டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பார்:

"பொட்டிய நல்லா மூடிக்கினியாம்மா?"