ஜல்தி அக்காவும் என் ஜெர்மன் காரும்

ஆரணியில் கடிகாரத்தைப் பார்த்துத் திட்டுகிற ஒரே ஆள் எங்கள் எதிர்வீட்டு ஜல்தி அக்காதான். அது மெதுவாக ஓடுகிறதாம்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, தெருவில் யாருக்கும் தெரியாது. சீக்கிரம் என்பதற்கு மூச்சுக்கு மூச்சு 'ஜல்தி' என்பதால் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. ஒருமுறை சேத்துப்பட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். டிரைவர் டீ குடித்து முடிக்கவில்லை என்று இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று கிலோமீட்டர் தள்ளி பஸ் அவரைப் பிடித்தது. கண்டக்டர் கெஞ்சிக் கூப்பிட்டும் ஏற மறுத்துவிட்டாராம். டாக்டரிடம் போனாலும் அப்படித்தான். அவர் நாக்கை நீட்டச் சொல்வதற்குள் என்ன வியாதி, என்ன மாத்திரை, எத்தனை வேளை என்பதையெல்லாம் இவரே சொல்லி முடித்திருப்பார்.

தொழில் பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. ஒரு பாவு தீரும்போது அதன் நூல் நுனிகளை அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொன்றாக அவற்றோடு முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருக்கும். பட்டு வழுக்கும் என்பதால் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். மற்றவர்கள் நாள் முழுக்கக் குனிந்து செய்கிற வேலையை அக்கா வாசலை வேடிக்கை பார்த்துக்கொண்டே செய்வார். விரல்கள் அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், கண் எங்கள் வீட்டு வாசலில் இருக்கும்.

எங்கள் வாசலில் வேடிக்கை பார்க்க என்ன இருந்தது என்றால், நான் இருந்தேன், என் கார் இருந்தது.

நான் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கிறேன். இதனால் தெருவே என்னை இன்ஜினியர் என்று நம்பியது. நான் அங்கே நடத்துவது ஆங்கிலம் என்பதைச் சொல்லி அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தைரியத்தில்தான் வேலூரில் ஒரு ரிட்டயர்ட் டாக்டரிடமிருந்து இருபது வயதான ஜெர்மன் காரை வாங்கினேன். கறுப்பு நிறம், தோல் சீட்டு. அமைச்சர் வருகிறார் என்று நினைத்துப் போலீஸ்காரர் ஒருவர் சல்யூட் அடித்த கதையை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் கையைத் தூக்கியது கொசு விரட்டவா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

உள்ளூர் மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, கும்பிடு போட்டு மூடிவிட்டார். சென்னையில் சர்வீசுக்கு எவ்வளவு ஆகும் என்று போனில் கேட்டேன். கேட்டபடியே உட்கார்ந்துவிட்டேன். அன்றுதான் என் காரை நானே பராமரிப்பது என்று முடிவெடுத்து, ஸ்பானர் செட் ஒன்று வாங்கி, வீடியோ பார்க்கத் தொடங்கினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் நின்றேன். எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது.

"இன்னா தம்பி, காலையிலேருந்து நீ வண்டியப் பாத்துகினு கீறே. அது உன்னப் பாத்துகினு கீது. யாரனா ஒருத்தர் எதுனா பண்ணுங்க."

அதன் பிறகு நான் ஏர் ஃபில்டரை மாற்றியபோதும், பேட்டரியைக் கழற்றி மாட்டியபோதும் அக்கா வந்து நின்று அவசரப்படுத்தினார். எந்த ஸ்க்ரூவும் என் கையிலிருந்து வழுக்கி இடுக்கில் விழும். அக்கா குனிந்து பார்க்காமலே இரண்டு விரலை விட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். தெருவுக்கு நான் இன்ஜினியர்தான். அவருக்கு மட்டும் விஷயம் தெரிந்துவிட்டது.

இந்த நிலையில் என் மனைவியின் அண்ணன் மகளுக்குச் சேத்துப்பட்டில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் பேசலாம் என்றார் மைத்துனர். சபையில் அத்தனை பேர் முன்னிலையில் நான் எழுந்து, நம் ஜெர்மன் கார் இருக்கும்போது வாடகையா என்று கேட்டேன். மைத்துனர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பார்க்கிற பார்வைதான் அது. அதை மாற்றிக் காட்ட இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் கிடையாது என்று எனக்குப் பட்டது.

அழைப்பு மாலை ஆறு மணிக்கு. அன்று காலையில் ஆயில் மாற்ற உட்கார்ந்தேன். முன் சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி, இன்ஜினுக்குக் கீழே மூடியிருக்கும் அடித்தட்டைக் கழற்றி, படுத்துக்கொண்டே ஆயில் வடிகிற ஓட்டையின் நட்டைத் திருகி எடுத்தேன். பழைய ஆயிலில் பாதி அடியில் வைத்த பேசினிலும் மீதி என் மேலும் விழுந்தது. ஆனாலும் வெற்றிதான். இந்தக் கோலத்தில் காரில் சாய்ந்து ஒரு போட்டோ எடுத்து பாலிடெக்னிக் குரூப்பில் போட ஆசைப்பட்டேன். பானட் திறந்திருந்தால் போட்டோவில் கார் அழகாக இருக்காதே என்று அதை மூடினேன்.

போட்டோ நன்றாக வந்தது, குரூப்பில் போட்டேன். பிறகு புது ஆயில் ஊற்ற, காருக்குள் இருக்கும் பானட் திறக்கும் பிடியை இழுத்தேன். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், பிடி கையோடு வந்துவிட்டது. கேபிள் அறுந்துவிட்டது.

இன்ஜினில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. ஊற்றுகிற வாய் பானட்டுக்கு அடியில். மணி பதினொன்று. எங்கள் பாலிடெக்னிக்கின் ஆட்டோமொபைல் துறை நண்பரைப் போனில் கூப்பிட்டேன். முன் பம்பரைக் கழற்ற வேண்டும், பழக்கமானவர்களுக்கே அரை நாள் ஆகும், தயவுசெய்து ஸ்டார்ட் மட்டும் பண்ணிவிடாதீர்கள் என்றார். போட்டோ சூப்பர் என்றும் சொன்னார். என் மனைவி வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள். அண்ணனின் பார்வை தங்கைக்கும் வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜல்தி அக்கா எங்கோ பாவு பிணைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். நான் லாட்ச், கேபிள், பம்பர் என்று விளக்கத் தொடங்கினேன்.

"கயிறு அறுந்துச்சு. அவ்ளோதானே," என்றார்.

சாக்கை விரித்து மல்லாந்து படுத்தார். அடித்தட்டு இல்லாத இடைவெளியில் கையை முழங்கைவரை விட்டார். உள்ளே ஒன்றும் தெரியாதே அக்கா என்று டார்ச்சை நீட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கேபிளின் அறுந்த நுனி கிடைத்துவிட்டது என்றார். என் மனைவியிடம் தன் வீட்டிலிருந்து, தறியில் பூ வேலைக்குக் கட்டுகிற ஜக்கார்டு கயிறும் சாம்பலும் கொண்டுவரச் சொன்னார். கம்பிக்கு எதற்கு சாம்பல் என்று நான் கேட்டேன்.

"எண்ணெயா கீதுப்பா, வழுக்கும். சாம்பல் இல்லாம எவனாவது பிணைப்பானா?"

கயிற்றைக் கம்பியோடு முறுக்கி முடிச்சிட்டு, மறு நுனியை முன்பக்க இடுக்கு வழியாக வெளியே எடுத்து இழுத்தார். பானட் 'டப்' என்று திறந்தது. இனிமேல் திறக்க வேண்டுமானால் வண்டியின் மூக்கிலிருந்து தொங்கும் இந்தக் கயிற்றை இழுத்தால் போதும் என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் புது ஆயில் ஃபில்டரை மாட்டி, கேனைத் திறந்து, ஆயிலை ஊற்றத் தொடங்கினேன்.

"தம்பி, கீழ ஊத்துது," என்று வண்டிக்கு அடியிலிருந்து அமைதியாகச் சொன்னார் அக்கா.

கீழே கழற்றிய நட்டை நான் மாட்டவே இல்லை. நட்டு என் சட்டைப்பையில் இருந்தது. நான் அதைக் கண்டுபிடிக்கும்வரை அக்கா கட்டை விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு, ஜல்தி ஜல்தி என்று கத்திக்கொண்டிருந்தார்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. நான் கைதட்டாத குறை. மனைவிதான் என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"அவங்க மத்தியானம் ஒரு முகூர்த்தப் பட்டுக்குப் பாவு ஒத்துக்கினு இருந்தாங்க. அந்தக் கையோட பட்டத் தொட முடியுமா? யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா குழாயடியில் சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரேகையெல்லாம் கறுத்துப்போயிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்பு கேட்கத் தொடங்கினேன்.

"நாளைக்குப் பிணைச்சிக்கிறேன் போ," என்றார்.

அவர் வாயிலிருந்து 'நாளைக்கு' என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதே இல்லை. அவரையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். வழியில் அறுந்தால் நீயா பிணைக்கப் போகிறாய் என்று கேட்டுவிட்டு, ஐந்தே நிமிடத்தில் புடவை மாற்றி முன் சீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

சேத்துப்பட்டில் பூ அலங்காரம் நடந்தது. மாப்பிள்ளையின் மாமா, கார் மூக்கில் தொங்கிய கயிற்றில் மாலையின் நுனியைக் கட்டப் போனார். அக்கா பாய்ந்து இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா கொஞ்சம் திகைத்து, வண்டி ரொம்ப ஜோரா இருக்கே, யாருதுங்க என்று கேட்டார். பக்கத்தில் மைத்துனர் நின்றிருந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் அந்தக் காரையே வாங்கியிருந்தேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினேன். அதற்குள் அக்கா சொல்லிவிட்டார்.

"எங்களுதுதாங்க. தம்பியும் நானுந்தான் பாத்துக்கறோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க, அக்காவும் நானும்தான்," என்றேன். அந்தக் காரைப் பற்றி நான் எவ்வளவோ பீற்றிக்கொண்டிருக்கிறேன். நிஜமாகவே எனக்குப் பெருமையாக இருந்தது அதைச் சொன்னபோதுதான்.