மாமா தலைமாட்டில் முளைத்த செடி

அன்புள்ள தம்பி அன்பரசனுக்கு, வியாசர்பாடியிலிருந்து அக்கா சொக்கம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நான் சாப்பிட்டுத் தூங்கி எழுகிற அளவில் இருக்கிறேன். கூடலூரில் நீயும் உன் வீட்டாரும் அதைவிட மேலாக இருக்க வேண்டும்.

விஷயம் ஒரு செடி. உன் மாமாவைப் புதைத்த இடத்தில் வைக்க வண்ணாரப்பேட்டையில் ஒரு சாமந்திக் கன்று வாங்கினோமே, அது பிழைத்துக்கொண்டது என்று எட்டு மாதமாக வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்றி, அதோடு நாலு வார்த்தை பேசிவிட்டும் வந்தேன். இப்போது என் தோள் உயரம் நிற்கிறது. சாமந்தி இவ்வளவு உசரம் வளருமா என்று பக்கத்து வீட்டு பவானி கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. போன வாரம் இடுகாட்டைப் பார்த்துக்கொள்கிற சுடலைராஜ் வந்து நின்றார். "யக்கா, இது கலீஜ் செடி. வுட்டா பத்து குழிக்குப் பரவிடும். அடுத்த மாசம் மிஷின் வருது, எல்லாத்தையும் வாரிடுவோம். நல்ல செடிதான்னு தெரிஞ்சவங்க யாராவது எழுதிக் குடுத்தா இதை மட்டும் வுட்டுர்றேன்" என்றார். இன்னும் கல் வைக்கவில்லை தம்பி. இந்தச் செடி போனால் அத்தனை மேட்டில் எது அவர் மேடு என்று எனக்குத் தெரியாது.

போனில் சொன்னால் செல்லாதாம், தாளில் வேண்டுமாம். நீ காட்டிலாகா நர்சரியில் இருப்பதால் உனக்கு அடையாளம் எழுதுகிறேன். தண்டு உருண்டை இல்லை, நாலு பட்டையாக இருக்கிறது. அதில் கொக்கி மாதிரி சின்னச் சின்ன முள், கிட்டே போனால் புடவையைப் பிடித்து இழுக்கிறது, உன் மாமா உயிரோடு இருந்தபோது ஒருநாளும் இப்படி இழுத்ததில்லை. இலை எதிரெதிரே இரண்டிரண்டு, ஓரமெல்லாம் ரம்பப் பல், மேலே தடவினால் மூன்று நாள் சவரம் செய்யாத அவர் கன்னம். கசக்கினால் கன்டெய்னர் யார்டிலிருந்து வந்து கழற்றிப் போடுவாரே, அந்தச் சட்டை நெடி. அப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு துவைப்பேன், இப்போது கசக்கிக் கசக்கி மோந்து பார்க்கிறேன். பூ ஒரே கொத்தில் நடுவே மஞ்சள், ஓரத்தில் ரோஸ். காய் பச்சை, பழுத்தால் கறுப்பு. பவானி மகள் சங்கமித்ரா போனில் படம் பிடித்துப் பேர் கேட்டாள். கிளையைப் பிடித்திருந்த என் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு 'இஞ்சி' என்றது அந்தப் போன். அந்த இடத்தில் சிரித்தேன், அவர் போன பிறகு அதுதான் முதல் தடவை, உடனே அழுகையும் வந்துவிட்டது.

உன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அந்தக் குளிரில் வெறும் காலோடு நடக்காதே.

இப்படிக்கு,
அக்கா சொக்கம்மாள்

பி.கு: தம்பி, அது உண்ணிச்செடி. காய் கறுத்தபோதே தெரிந்துவிட்டது, எண்ணூரில் ரயில் லைன் ஓரம் நீயும் நானும் தின்று நாக்கு கறுத்த பழம்தானே. அங்கே காட்டில் நீங்கள் ஆள் விட்டு வெட்டுவதும் இதைத்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் மேலே எழுதின அடையாளம் எதையும் பார்க்காதே. நல்ல பூவாக ஒன்றின் பேரை எழுதி, ஆபீஸ் சீல் குத்தி அனுப்பு. கல் வைத்த மறுநாளே என் கையால் வேரோடு பிடுங்கிவிடுகிறேன். அதையும் நம்பாதே.