பூனைக்குட்டி அளவு ராகினி

வந்திறங்கிய இரண்டு கேபினட்டில் சமையலறை வாசலோரம் வைப்பது இடுப்புயரம் இருந்தது. பின்சுவரோரம் வைப்பது முழங்காலைத் தாண்டவில்லை.

"என்ன பாய் இது?" என்றான் திலீப்.

கேபினட் செய்யும் ரிதுவான் படத்தை விரித்தார். "நீங்க வரைஞ்சதுதான் தம்பி. கிட்ட இருக்கிறது பெருசு, பின்னால இருக்கிறது சின்னது. ரூலர் வெச்சு அளந்தேன்."

"அது பெர்ஸ்பெக்டிவ் பாய்! தூரத்துல இருந்தா சின்னதா தெரியும்."

"தெரியிறத எதுக்கு வரையிறீங்க? இருக்கிறத வரையுங்க லா."

பாயா ரும்புட் ஊரிலிருந்த வீட்டில் திலீப் தனியாக இருந்தான். மனைவி ராகினிக்குச் சிங்கப்பூரில் வேலை. சமையலறையைத் திட்டிக்கொண்டே போனவள். அதைப் புதுசாக்கிவிட்டால் தீபாவளிக்கு வருகிறவள் திரும்பிப் போகமாட்டாள் என்று நம்பினான். அதற்காகவே யூடியூபில் வரையக் கற்றான். அவளிடம் போனில் பேசுவதென்னவோ, "சாப்டியா? சரி, படு." அவ்வளவுதான்.

அன்று நடந்ததை வீடியோ காலில் அவளிடம் சொல்லிப் படத்தையும் காட்ட வேண்டியதாயிற்று.

"அடுப்புகிட்ட என்ன, பூனைக்குட்டியா?"

"நீதான். தூரத்துல இருக்கிறது சின்னதாத்தான் தெரியும். அதான் ரூல்."

"அப்ப சிங்கப்பூர்ல இருக்கிறவ புள்ளியாத்தான் தெரிவேன்."

அவனுக்குப் போனை வைக்க மனம் வரவில்லை.

மறுநாள் ஐசோமெட்ரிக் என்ற வரைமுறையைப் படித்தான். அதில் எவ்வளவு தள்ளிப்போனாலும் அளவு குறையாது. அடுப்படியில் ராகினியைத் தன் உயரத்துக்கே வரைந்தான். அந்தச் சாய்ந்த கட்டங்களைப் போனில் அவளுக்கு விளக்கி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போனது.

ரிதுவான் அடுத்து இறக்கிய கேபினட் கூரையைத் தொட்டது. பின்கதவு பாதிதான் திறந்தது.

"ஐசோமெட்ரிக்ல அளவு மாறாதே பாய்!"

"மாறல தம்பி. உங்க கதவுதான் தப்பான இடத்துல இருக்கு."

திலீப் கதவைக் கழற்றினான். அந்த வழியாகக் குரங்கு வந்து ரொட்டிப் பாக்கெட்டைத் தூக்கிப்போனது. அதையும் ராகினியிடம் சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. குரங்கு நாளைக்கும் வந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

தீபாவளிக்கு முந்தின வாரம் சமையலறையில் அடுப்பு வைக்கவே இடமில்லை. திலீப் முழங்கால் உயரக் கேபினட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"இதப் பார்த்தா வந்த பஸ்லயே திரும்பிப் போயிருவா. உங்களுக்கு ஒழுங்கா அளக்கவே தெரியாதா பாய்?"

ரிதுவான் லோரிக் கதவைத் திறந்தபடியே சொன்னார்: "உங்க கேபினட் அப்பவே ரெடியாகி என் கடையில நிக்குது தம்பி, இதுல குட்டையான ரெண்டும் பாலர் பள்ளியோடது, உயரமானது தஞ்சோங் கிளிங் ஹோட்டலோடது. 'தப்பு தப்பா இறக்குங்க பாய், ஏதாச்சும் கெட்டுப்போனாத்தான் அவரு என்கிட்ட வாயத் தொறந்து பேசுவாரு'ன்னு ராகினி தங்கச்சிதான் ஆரம்பத்துலயே போன் பண்ணிச் சொல்லிச்சு."