குதிர் முடையாத பரம்பரை

முன்னோரைத் தேடிப் போகிறவனுக்குக் கடைசியில் ஒரு மாவீரனோ மன்னனோ கிடைப்பான் என்று உலகெங்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இந்தப் பிழையை இனியும் பொறுப்பதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலான ஆண்கள் மாமியார் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மலாவியில், எங்கள் சேவா மக்களிடையேயாவது, இது உறுதி.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் லமேக் சிம்தெங்கோவுக்கு மட்டும் இது தெரியாமல் போயிற்று.

முப்பத்தோரு வருஷம் நகரத்துப் பள்ளிக்கூடத்தைக் காரணம் காட்டித் தப்பித்தவர், ஓய்வுபெற்றதும் வழக்கப்படி மனைவியின் ஊரான சலேராவுக்கு வந்து சேர்ந்தார். முழங்கால்கள் இரண்டும் அவருக்கு முன்பே ஓய்வுபெற்றிருந்தன. வந்த மூன்றாம் நாள் மாமியார் முற்றத்துக்கு வந்தார். மருமகனிடம் நேரே பேசுவது மரியாதை இல்லை என்பதால், சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் ஒரு சிவப்புக் கோழியிடம்தான் சொல்வார்.

"ஏ கோழி, அறுவடை வருது. பழைய சோளக்குதிர் கறையான் அரிச்சுப் போச்சு. ஆம்பளைன்னு ஒருத்தர் இருந்தா மூங்கில் பிளந்து புதுசா ஒண்ணு முடைஞ்சிருப்பாரு. நீ என்ன பண்ணுவே, பாவம்!"

அன்று மதியம் களியைப் பிசைந்தபடி லமேக் மனைவியிடம் ஆரம்பித்தார்.

"எனலெஸி, நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும். சாப்பிடுங்க."

"சிம்தெங்கோ வம்சம்! எங்க கொள்ளுத்தாத்தா பேரைச் சொன்னா இந்த வட்டாரமே எழுந்து நிக்கும்னு எங்கப்பா சொல்வாரு. அவரோட கொள்ளுப்பேரன் உட்கார்ந்து மூங்கில் பிளக்கிறதா?"

"ஏன், அவர் பிளந்ததில்லையா?"

"ஊர்த்தலைவராத்தான் இருந்திருப்பாரு. மாமியார் முற்றத்துல ஒரு குச்சியைக்கூடத் தொட்டிருக்க மாட்டாரு. நிரூபிக்கட்டுமா?"

எனலெஸி மீன் குழம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நிரூபிங்களேன். அவர் எப்படி நடந்தாரோ அப்படியே நீங்களும் நடந்துக்கோங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் இறங்கி வந்ததில்லை. அவள் மனம் மாறுவதற்குள் லமேக் அந்த வாக்கியத்தைக் காகிதத்தில் எழுதி, கமா போட்டு, அவளுடைய தாய்மாமன் முன்னால் வாசித்தார். கல்யாணத்துக்குப் பொறுப்பேற்றவர் அவர். அவர் முன்னால் சொன்ன சொல்லை யாரும் மீற முடியாது.

"மாப்பிள்ளை, இந்த ‘அப்படியே’ அவசியமா?" என்றார் மாமா.

"அதுதான் மாமா முக்கியம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

மறுநாள் பதினெட்டு மைல் சைக்கிள் மிதித்துத் தாம் பிறந்த ஊருக்குப் போனார். தம்முடைய சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டதால் ஊரில்தான் விசாரிக்க வேண்டியிருந்தது.

"உங்கப்பாவா? தங்கமான மனுஷன்" என்றார் ஒரு பெரியவர். "ஆனா இங்க மருமகனா வந்தவர். கூரை நல்லா வேய்வார். அவர் ஊர் கசினா. அங்க கேளுங்க."

கசினாவில் ஓர் அம்மாள் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தாத்தாவா? அவரும் இங்க மருமகனா வந்தவர்தான். அதோ, அந்த வேலி அவர் போட்டது."

லமேக்குக்கு இடுப்பு வலித்தது.

"அவர் எந்த ஊர்லேர்ந்து வந்தாரும்மா?"

"சலேரா."

"எந்தச் சலேரா?"

"எத்தனை இருக்கு?"

திரும்பும் வழியெல்லாம் மேடு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே யோசித்தார். சலேராவாக இருந்தால் என்ன? கொள்ளுத்தாத்தா சலேராவிலேயே தலைவராக இருந்திருக்கலாமே? இந்த எண்ணத்தில் கடைசி அரை மைலை ஏறியே மிதித்தார்.

முற்றத்தில் பாய் விரித்திருந்தது. மாமா, எனலெஸி, மாமியார், மாமியாரின் மூன்று தங்கைகள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க கொள்ளுத்தாத்தா சிம்தெங்கோ இந்த ஊர்லயா இருந்தாரு?" என்று லமேக் பொதுவாகக் கேட்டார்.

மாமியார் கோழியைத் தேடினார். அது மேயப் போயிருந்தது. ஆட்டிடம் திரும்பினார்.

"ஏ ஆடே, சிம்தெங்கோவைத் தெரியாதவங்க உண்டா? வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவர். நம்ம குதிருக்குக் கீழ இருக்கே நாலு கல்லு, அவர் சுமந்து போட்டது. மாமியாருக்கு ஒரு குதிர் முடைஞ்சாரு. அதோட நிக்காம, மாமியாரோட தங்கச்சிங்க ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு முடைஞ்சு கொடுத்தாரு. அதுக்குத்தான் வட்டாரமே எழுந்து நின்னுச்சு."

ஆடு தலையசைத்தது.

லமேக் மனைவியைப் பார்த்தார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அந்தக் கல்லு மேல ஏறித்தானே விளையாடினேன்."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடச் சொல்லலையே!"

"நீங்க வரலாற்று வாத்தியார். உங்களுக்கு நான் சொல்லித் தர்றதாங்க?"

மாமா மடியிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். கமாவில் சற்று நிறுத்தி, முழுவதையும் வாசித்தார். மூன்று தங்கைகளும் எழுந்து, தங்கள் தங்கள் முற்றத்தில் இடம் பார்க்கப் போனார்கள்.

அந்த வருஷம் அறுவடைக்கு முன்னால் சலேராவில் நான்கு புதுக் குதிர்கள் நின்றன.