பிணமொதுங்கித்துறைக்கு மாப்பிள்ளை எடுத்த கதை

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரேயொரு வேலைதான். குருக்கள்மடம் போய், தங்கச்சிக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளைட அம்மாவை ஓட்டோவில ஏத்திக்கொண்டு வரணும்.

எங்கட பக்கம் மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்குக் குடிவாறவர். அதால மகன் இருக்கப்போற இடத்தைத் தாய் வந்து பாக்கிறது வழக்கம்.

பிரச்சினை ஊர்ப் பேர். பிணமொதுங்கித்துறை!

இந்தப் பேராலயே ரெண்டு சம்பந்தம் குழம்பிப் போச்சு. அதால மாப்பிள்ளைட அம்மாவுக்கு, அதான் மாமிக்கு, "வாவிக்கரைப் பக்கம்" எண்டு மட்டும்தான் சொல்லியிருந்தம்.

"அண்ணா, இதுவும் குழம்பினா உன்னோட கதைக்கவே மாட்டன்" எண்டாள் தங்கச்சி.

ஆனா எங்கட ஒழுங்கை வாசலில பேர்ப்பலகை நிக்குதே, ஆளுயரத்துக்கு!

நான் பெரிய மூளைசாலி. அப்பாட வெள்ளை வேட்டியால பலகையை மூடிக் கட்டிட்டு, சந்தோசமா குருக்கள்மடம் போனன்.

மாமியோட திரும்பி வந்தா, வீட்டு வாசலில சனம்! ஆரோ பிளாஸ்டிக் கதிரை இறக்கிறான். எதிர்வீட்டுப் பெரியம்மா ஒப்பாரியே தொடங்கிட்டா.

"எத்தினை மணிக்கு எடுக்கிறீங்க மனே?" பக்கத்து வீட்டுக் கணவதி அண்ணன் என்ட கையைப் பிடிச்சார்.

"எதை?"

"அப்பாவைத்தான்! நீதானே ஒழுங்கையில வெள்ளை கட்டினாய்?"

அப்பதான் எனக்கு உறைச்சுது. சாவீட்டுக்குத்தானே வெள்ளை கட்டுவம்!

"ஆரடா செத்தது?" அப்பா புட்டுக் கையோட வெளியில வந்தார். பெரியம்மா அலறின அலறலில ஓட்டோக்காரன் காசும் வாங்காம ஓடிட்டான்.

வேற வழியில்ல. "மாமி ஊர்ப் பேரைப் பாக்கக் கூடாதெண்டுதான் பலகையை மூடினன்" எண்டு ஒத்துக்கொண்டன்.

"என்ன பேர்?" மாமி கேட்டா.

முழுச் சனமும் ஒரே குரலில சொல்லிச்சு.

"ஏன் அப்பிடிப் பேர்?"

அதைக் கேட்டிருக்கவே கூடாது!

"வெள்ளத்தில ஒரு பிணம் இஞ்ச கரையொதுங்கினது."

"ஒண்டில்லகா, ஏழு!"

"ஏழுக்கும் தலையில்ல. பொழுதுபட்டா அதுகள் தலை தேடித் திரியுதாம்."

தங்கச்சி பார்த்த பார்வையில எட்டாவது பிணம் நான்தான்.

மாமி யோசிச்சா. "அப்ப பொழுதுபட்டா ஒருத்தரும் வெளியில போறதில்லையா?"

"ஆர் போவான்?"

"என்ட மகன் பின்னேரம் வெளிக்கிட்டா வீடு வாசல் ஞாபகமில்லாம கரம்போர்ட் விளையாடுறவன். ஆனா பேயெண்டா நடுங்குவான். அவனுக்கு இதுதான் ஊர். நாளைக் குறிங்க!"

கலியாணம் முடிஞ்சு மூணு மாசம். மச்சான் தங்கமானவர், ஆறு மணிக்குப் பிறகு வீட்டை விட்டு அசையிறதேயில்ல.

கிணத்தடிக்குப் போறதெண்டாலும், துணைக்கு நான் போகணும்.