அக்காவுக்குக் கால் எட்ட வேண்டும்

தன் பைக்கின் உயரத்தைக் குறைக்கப் பின்சக்கர ஸ்பிரிங்கைத் தளர்த்தியபடி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் விசிலடித்துக்கொண்டிருந்தார். ஒருநாளும் எதையும் கேட்காத அக்கா, "தம்பி, உன் பைக்கை ஒரு மாசத்துக்குக் குடுப்பியா? எங்க ஸ்கூட்டர் சரிப்பட்டு வரல" என்று போனில் கேட்டுவிட்டாள். அக்காவோ அலமாரியின் மேல்தட்டுக்கு ஸ்டூல் தேடுகிற உயரம். சாயந்திரம் வந்துவிடுவாள்.

"எதுக்கும் உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்களேன்," என்றாள் மனைவி.

"கேக்க என்ன இருக்கு? எத்தனை மூக்குக்குக் கண்ணாடியை வளைச்சுக் குடுத்திருக்கேன். இது வெறும் ஸ்பிரிங்கு."

கொக்கி ஸ்பேனரால் ஸ்பிரிங்கின் அடிவளையத்தைத் திருப்பி, இருப்பதிலேயே தளர்வான பல்லில் நிறுத்தினார். மனைவியை ஏற்றிக்கொண்டு தெருமுனை வரை போய்வந்தார். பின்பக்கம் அமுங்கி, வேகத்தடையில் சைலன்சர் கரகரவென்று உரசியது. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது.

"நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்," என்றாள் மனைவி.

"முன்னாடியும் இறக்கிட்டா சமமாயிடும்."

இறக்கினார். சமமானது. ஆனால் வண்டி தாழ்ந்துவிட்டதால் சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போனது. வண்டி விறைப்பாக நிமிர்ந்து நின்றது. அவர் கையைத் துடைக்கும் வரைக்கும். அப்புறம் மறுபக்கம் சாய்ந்ததில் ஹேண்டில்பாரில் இருந்த ஒரு கண்ணாடி போனது.

"கண்ணாடி நம்ம தொழில்தானே, விடு," என்றார்.

வெல்டிங் கடையில் ஸ்டாண்டை வெட்டச் சொன்னார். வெட்டு இரண்டு விரற்கடை கூடுதலாகப் போய்விட்டது. இப்போது வண்டி ஒட்டுக்கேட்கிற ஆளைப்போல இந்தப் பக்கம் சாய்ந்தது. சாய்ந்து, மனைவியின் பூந்தொட்டிமேல் படுத்தது.

"அந்தச் செடி உங்களை என்ன பண்ணுச்சு?"

"சுவத்துல சாச்சு வச்சா தீர்ந்துது. உக்காரு, கால் எட்டுதா பாப்போம். நீயும் அக்கா உயரம்தானே."

கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது. சும்மா விடுவாரா? சீட்டுறையைப் பிரித்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சை ரொட்டிக்கத்தியால் செதுக்கினார். சீட்டு குளியலறைத் தொட்டிபோல ஆனது. மனைவியின் குதிகால் இரண்டும் தரையில் பதிந்தன.

"பாத்தியா?" என்றார். மனைவி இறங்கிப்போய்ப் பூந்தொட்டியின் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

சாயந்திரம் அக்கா வந்தாள். சுவரோரம் கூனிக்கிடந்த பைக்கைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடா ஆச்சு இதுக்கு?"

"எல்லாம் உனக்காகத்தான்கா. ஏறிப் பாரு, கால் சும்மா கும்முனு ஊனும்."

அக்கா வாயைத் திறப்பதற்குள், ஹெல்மெட்டும் கையுமாக அவள் மகள் கேட்டின் வளைவுக்குக் குனிந்து உள்ளே வந்தாள். இரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வளர்த்தியா என்று அவர் அண்ணாந்து பார்த்தார். அவள் பைக்கில் உட்கார்ந்தாள். முழங்கால்கள் ஹேண்டில்பாரை முட்டின. மெதுவாக எழுந்துகொண்டாள்.

"மாமா, எங்க ஸ்கூட்டர் எனக்குக் குள்ளமா இருக்கு, கொஞ்சம் உயரமான வண்டி வேணும்னுதானே அம்மா உங்க பைக்கைக் கேட்டாங்க?"