வண்டி நின்றால் வம்பு

வண்டி உருண்டால் இரண்டும் தூங்கும். நின்றால் இரண்டும் கத்தும். லிஃப்ட் மெக்கானிக்கின் பிரச்சினை அவ்வளவுதான். ஆனால் சாலை முழுக்கத் தடுப்பு வைத்திருந்தார்கள்.

"இப்ப குறுக்க போக முடியாது சார். ஓட்டப்பந்தயம் நடக்குது. கொஞ்ச நேரம் நில்லுங்க," என்றார் தடுப்பைக் காத்துக்கொண்டிருந்த மஞ்சள் சட்டை அம்மா.

"எதிர்ல இருக்கிற பூங்காவுக்குத்தாங்க போகணும்."

"அதுக்குத்தான் நில்லுங்கன்னு சொல்றேன்."

"நிக்கத்தாங்க முடியாது!"

அந்த அம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மெக்கானிக்கோ நின்ற இடத்திலேயே ஸ்ட்ரோலரை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இரட்டைப் பிள்ளைகள். வீட்டில் பெரிசு, சிறுசு என்று பெயர். பெரிசு கொஞ்சம் முன்னால் பிறந்தது. அந்த சீனியாரிட்டியை அழுகையில் அது விட்டுக்கொடுத்ததே இல்லை.

இரண்டும் பிறந்ததிலிருந்து அவர் மனைவி சேர்ந்தாற்போல் தூங்கியதில்லை. முந்தின நாள் பால் புட்டியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ அக்கா, கேக்குதா?" என்று கேட்டாள். மெக்கானிக் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். மனுஷர் ஆடிப்போய்விட்டார்.

"நாளைக்குக் காலையில நீ தூங்கற. நான் இதுகளைப் பாத்துக்கறேன். யார் வந்தாலும் உன்னை எழுப்ப விட மாட்டேன். இது சத்தியம்!" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வாக்குத்தான் இப்போது தடுப்புக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் திரும்பினால், குழாய் பதிக்கத் தோண்டிப்போட்ட தெரு. வண்டி குலுங்கினால் தொலைந்தது. இங்கேயே நின்று இரண்டும் கத்தினாலோ, இதோ மேலே தெரிகிற ஜன்னல்தான் அவர் வீடு.

பெரிசு உதட்டைப் பிதுக்கியது.

மெக்கானிக் இனிப் பொறுக்கவில்லை. ஓடுகிறவர்களோடு நாலடி போய், அடுத்த திருப்பத்தில் நைசாகக் கழன்றுகொள்ளலாம் என்று தடுப்பின் இடைவெளியில் வண்டியை விட்டுவிட்டார்.

"சார்! சார்! நம்பர் ஒட்டாம போகக்கூடாது!"

"இதோ வந்துடறேங்க!" என்று கத்தாமல் கத்தினார்.

கிளம்புவதும் தெரியக்கூடாது, நிற்பதும் தெரியக்கூடாது என்பதுதான் லிஃப்ட்காரர்களின் முதல் பாடம். அதே பக்குவத்தில் வண்டியைத் தள்ளினார். ஆனால் பின்னால் வந்த கூட்டம் அவர் முதுகில் மோதாத குறை. வேறு வழியில்லாமல் நடையை ஓட்டமாக மாற்றினார். பெரிசின் உதடு உடனே பழைய இடத்துக்குப் போனது. அடடா, வேகம் பிடித்திருக்கிறதே என்று ஒரு நிமிடம் மகிழ்ந்தார்.

அந்த மகிழ்ச்சி மூச்சு வாங்கும் வரைதான். கொஞ்சம் நடக்கலாமே என்று வேகத்தைக் குறைத்ததும் பெரிசு ஒரு கண்ணைத் திறந்தது. அதாவது, இனிமேல் நடக்கிற பேச்சே கிடையாது.

முதல் திருப்பத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். இரண்டாவது திறந்திருந்தது. உயிர் வந்தவராகப் படக்கென்று அதில் திரும்பினார்.

பக்கத்தில் ஒருவர் ஓடி வந்தார். சட்டை முதுகில் தன் பல் ஆஸ்பத்திரி விளம்பரத்தைப் பெரிதாக அச்சடித்திருந்தார்.

"பலே சார்! செருப்பு போட்டுட்டு, ரெண்டு பிள்ளைங்களைத் தள்ளிட்டு, பத்து கிலோமீட்டரா?"

"பத்தா? இது வெளிய போற வழி இல்லையா?"

"வெளிய போறவங்க நேரா போயிருக்கணும். இது பெரிய சுத்து சார். இங்கேயிருந்து திரும்பவே முடியாது."

மெக்கானிக் வாய்விட்டு அழவில்லை. பிள்ளைகள் எழுந்துவிடும்.

விஷயத்தைக் கேட்ட பல் டாக்டர் இளகிப்போனார். "குடுங்க, கொஞ்ச தூரம் நான் தள்ளறேன்," என்று கைப்பிடியை வாங்கினார். நல்ல மனசுதான், ஆனால் ஆளுக்குத் தையா தக்கா ஓட்டம். நாலு குதி குதிப்பதற்குள் அதுவரை சாதுவாக இருந்த சிறுசு வீல் என்றது. மெக்கானிக் பாய்ந்து வண்டியைப் பிடுங்கினார். சிறுசைச் சமாதானப்படுத்த முன்னைவிட வேகமாக ஓட வேண்டியதாயிற்று. அந்த வேகத்தில் ஒரு செருப்பு அறுந்தது. இன்னொன்றையும் உதறிவிட்டார்.

அப்போதுதான் பல் டாக்டர் அடுத்த குண்டைப் போட்டார். "பாலத்துக்குக் கீழ டிரம் வாசிப்பாங்க சார். போன வருஷம் என் காது ரெண்டு நாள் அடைச்சுப்போச்சு."

தூரத்தில் டும் டும் என்று கேட்கவே ஆரம்பித்துவிட்டது. வண்டியின் மூடியை இழுத்துவிட்டார். துண்டைப் போர்த்தினார். ஒன்றும் உதவப்போவதில்லை என்று அவருக்கே தெரியும். கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டுக்கொண்டே பாலத்தை நெருங்கினார்.

டிரம் சத்தம் சட்டென்று நின்றது.

வாசிக்கிறவர்கள் அத்தனை பேரும் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். ஒருவர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டினார். மெக்கானிக்குக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஓடிக்கொண்டே கையெடுத்துக் கும்பிடலாம் என்றால் கை வண்டியில் இருந்தது. தலையால் கும்பிட்டார்.

தண்ணீர் மேஜைக்காரர்கள் கோப்பைகளைச் சத்தமில்லாமல் நீட்டினார்கள். பள்ளிக்கூட வாசலில் ஒரு கூட்டம் உள்ளங்கைகள் ஒட்டாமல் கை தட்டியது. விசில் வைத்திருந்த போலீஸ்காரர் அதை வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன சார் இது, எழவு வீடு மாதிரி இருக்கு?" என்று குசுகுசுத்தார் பல் டாக்டர்.

"வாயைக் கழுவுங்க டாக்டர்! பிள்ளைங்க தூங்குதுன்னு தூரத்துலேயே பாத்துட்டு அமைதியா இருக்காங்க. என்ன மாதிரி ஜனங்க!"

இத்தனை நாளாக இதே தெருக்களில் லிஃப்டைப் பழுது பார்த்துக்கொண்டு, எப்போது வருவாய் எப்போது முடிப்பாய் என்று திட்டு வாங்கிய மனிதர் அவர். அதே ஜனங்கள் இன்று அவர் பிள்ளைகளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பாதம் எரிந்தது, இடுப்பு கழன்றது, ஆனாலும் நெஞ்சு நிறைந்திருந்தது. வீட்டில் அவள் கால் நீட்டித் தூங்குவதை நினைத்தபோது இன்னொரு பத்து கிலோமீட்டர் ஓடலாம் போலிருந்தது.

முடியும் இடத்தில் கையில் மைக்கோடு மைக்காரர் நின்றிருந்தார். ஓடி வருகிற ஒவ்வொருவரையும் ஊரே அதிரும்படி வரவேற்பதுதான் அவர் வேலை. மெக்கானிக்கைக் கண்டதும் மைக்கை அணைத்துவிட்டு, கையை மட்டும் ஆட்டினார். எல்லைக்கோட்டைத் தாண்டியும் மெக்கானிக் நிற்கவில்லை. நிற்க முடியாதே. மைதானத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். மெடலைத் தூக்கிக்கொண்டு மைக்காரரும் கூடவே ஓடி, மூன்றாவது முயற்சியில் கழுத்தில் மாட்டினார்.

அதற்குமேல் மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிய, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"ரொம்ப நன்றிங்க. உங்க எல்லாருக்கும் கோடி நன்றி. வழி முழுக்க ஒருத்தர்கூட சத்தம் போடலை. வீட்டுல என் சம்சாரம் எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கறா. எல்லாம் உங்க புண்ணியம்!"

மைக்காரர் திருதிருவென்று விழித்தார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு வண்டியோடு ஓடிக்கொண்டே மெக்கானிக்கின் காதருகே குனிந்தார்.

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க சார், ஆனா மைக் பிடிக்கிற வாய், அடக்க முடியலை. வீடு நிசப்தமா இருக்கேன்னு பயந்து முழிச்சு, ஜன்னல் வழியா நீங்க வண்டியோட ஓடறதைப் பாத்துட்டாங்களாம். பூப்போட்ட நைட்டியோட, காலுக்கு ஒரு தினுசா செருப்பை மாட்டிக்கிட்டு, சந்து சந்தா புகுந்து உங்களுக்கு முன்னாடியே ஓடி எங்க எல்லார் வாயையும் அடைச்சது அவங்கதான். நீங்க போறதுக்குள்ள படுத்துத் தூங்கற மாதிரி இருக்கணும்னு இப்பதான் சார் வீட்டைப் பாத்து ஓடறாங்க, கொஞ்சம் மெதுவா போங்க!"